பூவெல்லாம் கொட்டிய பருத்தி: வரும் மாரிக்கு என்ன செய்யலாம்?

வாசகர் கேள்வி:

ஐயா, வெல்லாவெளிப் பக்கம் எங்களுக்கு ஓர் ஏக்கர் மேட்டுக்காணி இருக்கிறது. போன மாரியில் சோளத்துக்குப் பதிலாகப் பருத்தி போட்டுப் பார்த்தேன். புரட்டாதிக் கடைசியில், முதல் மழையோடு விதைத்தேன். நெஞ்சளவு உயரத்துக்குக் கரும்பச்சையாக வளர்ந்தது. பார்த்தவர்கள் எல்லாம் நல்ல பயிர் என்றார்கள். மார்கழியில் மொட்டும் பூவும் கொட்டத் தொடங்கின. மிஞ்சிய காய்களிலும் பாதி செடியிலேயே அழுகிப்போயின. இலையும் சிவந்தது. யூரியா மூன்று தரம் போட்டேன், கடையில் தந்த மருந்தை நாலு தரம் அடித்தேன். கடைசியில் கிடைத்தது 90 கிலோ. செடி இன்னும் காணியில் நிற்கிறது. அடியோடு வெட்டிவிட்டால் திரும்பத் துளிர்த்துக் காய்க்கும் என்கிறார்கள். வெட்டிவிடட்டுமா? வரும் மாரிக்கு எந்தப் பசளை, எந்த மருந்து என்று சொல்லுங்கள்.

— படுவான்கரை வாசகர்

பதில்:

தம்பி, காணியில் நிற்கிற செடியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். வெட்டித் துளிர்க்க விடாதீர்கள். இந்தக் கிழமைக்குள் வேரோடு பிடுங்குங்கள். துளிர்த்த செடி கொஞ்சம் காய்க்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் காயை நம்பி முதலில் வருவது இளஞ்சிவப்புக் காய்ப்புழு. அது காய்ந்த காய்க்குள்ளும் விதைக்குள்ளும் சுருண்டு மாதக் கணக்கில் உறங்கிக் கிடக்கும். அடுத்த பயிர் பூக்கும் நேரத்தில் அந்துப்பூச்சியாக வெளியே வரும். பழைய செடியை வைத்திருந்தால் புதுப் பயிருக்கான புழுவை நீங்களே வளர்த்துக் கொடுத்ததாக முடியும். பிடுங்கிய தண்டைக் காணியோரம் குவித்து வைப்பதிலும் பயனில்லை. வெடிக்காமல் காய்ந்து கிடக்கிற காய்களைப் பொறுக்கி எரித்துவிடுங்கள், தண்டை வெட்டிக் கூட்டெருவில் போடுங்கள்.

அதோடு வேலியையும் ஒரு தரம் சுற்றிப் பாருங்கள். பருத்தியும் வெண்டியும் துத்தியும் பூவரசும் ஒரே குடும்பம். பூவரசின் அடியில் உதிர்ந்த காய்களைச் சுற்றிச் சிவப்பு உடலும் கறுப்புப் பொட்டுமாக, இரண்டு இரண்டாய் ஒட்டிக்கொண்டு திரியும் பூச்சியைக் கண்டிருப்பீர்கள். பருத்திக்காய் வெடிக்கிற நேரத்தில் உள்ளே புகுந்து விதையை உறிஞ்சி, பஞ்சில் மஞ்சள் கறை வைப்பது அதுதான். பூவரசை வெட்டச் சொல்லவில்லை. அதன் அடியைக் கூட்டிச் சுத்தமாக வைத்திருங்கள், பருத்தி போடும் நிலத்துண்டை அதிலிருந்து எட்டத் தள்ளி எடுங்கள். பழைய வெண்டிச் செடி நின்றால் அதையும் பிடுங்கிவிடுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். எந்தப் பசளை, எந்த மருந்து என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் போன மாரியில் பயிர் தோற்றதற்குப் பசளைக் குறையோ மருந்துக் குறையோ காரணமாகத் தெரியவில்லை. விதைத்த நாள், வேரடியில் நின்ற தண்ணீர், அளவுக்கு மிஞ்சிய யூரியா, இந்த மூன்றும்தான் காரணம். மூன்றையும் காசு செலவில்லாமலே திருத்தலாம்.

பூ கொட்டுவதைப் பார்த்துப் பயந்துபோய்தானே திரும்பத் திரும்ப யூரியாவும் மருந்தும் வாங்கியிருக்கிறீர்கள்? சரி, ஒரு கணக்குப் பார்ப்போம். வரிசைக்கு வரிசை 90 சென்ரிமீற்றர், செடிக்குச் செடி 45 சென்ரிமீற்றர் வைத்தால் ஏக்கருக்கு ஏறக்குறைய 10,000 செடி நிற்கும். நன்றாக விளைந்த ஒரு காயில் விதையோடு சேர்த்து 4 கிராம் பருத்தி இருக்கும். செடிக்கு 20 காய் தேறினாலே ஏக்கருக்கு 800 கிலோ. அதுவே நல்ல விளைச்சல்தான். ஆனால் ஒரு செடி வைக்கிற மொட்டு இதைப்போல மூன்று மடங்குக்குக் குறையாது. தன்னால் தாங்க முடியாததைச் செடியே உதிர்த்துவிடும். பாதிக்கு மேல் உதிர்வது பருத்தியின் இயல்பு. உதிர்வதை முழுதாக நிறுத்தப் பார்ப்பது வீண் செலவு. நிற்க வேண்டிய 20 காய் நிற்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

போன மாரியில் அந்த 20 ஏன் நிற்கவில்லை? பருத்தி விதைத்து 35 முதல் 45 நாளில் மொட்டு வைக்கும். மொட்டு பூவாக மூன்று கிழமை. பூ காயாகி வெடிக்க இன்னும் 45 முதல் 60 நாள். புரட்டாதிக் கடைசி என்றால் ஒக்டோபர் நடுப்பகுதி. அங்கிருந்து எண்ணிப் பாருங்கள், பூக்கத் தொடங்கியது டிசம்பர் நடுவில், நமது பக்கம் மழை கொட்டுகிற நேரத்தில்.

பருத்திப் பூ காலையில் வெண்மஞ்சளாக விரியும், மாலையில் இளஞ்சிவப்பாகும், மறுநாள் சிவந்து வாடிவிடும். கருக்கட்ட அதற்குக் கிடைப்பது முதல் நாளின் சில மணி நேரம் மட்டுமே. அந்த நேரத்தில் மழைத்துளி விழுந்தால் மகரந்த மணி தண்ணீரை உறிஞ்சி வெடித்துவிடும். கருக்கட்டாத பிஞ்சு சில நாளில் காம்போடு கழன்று விழும். வானம் நாள் முழுக்க மூடியிருந்தாலும் இதே கதைதான். வெயில் இல்லாமல் இலை உணவு ஆக்காது, உணவில்லாமல் பிஞ்சு நிற்காது. அதற்கு மேல் வேரடியில் தண்ணீரும் நின்றிருக்கிறது. நெல் அதைத் தாங்கும். பருத்தி வேருக்குக் காற்று வேண்டும், தண்ணீர் தேங்கினால் மொட்டைத்தான் முதலில் கைவிடும். பூத்துப் பத்துப் பன்னிரண்டு நாளைத் தாண்டிய காய் பெரும்பாலும் உதிராது. அப்படித் தப்பிய காய்களும் உங்கள் காணியில் நெஞ்சளவு உயர்ந்த இலைக்கூட்டத்துக்குள் ஈரம் காயாமல் கிடந்து அழுகியிருக்கின்றன. அந்த இலையைக் கூட்டியது யூரியா.

ஆகவே வரும் மாரிக்கு நாளைப் பின்னால் இருந்து எண்ணுங்கள். காய் வெடிக்கும் காலம் மாசிப் பிற்பகுதியும் பங்குனியுமாக, வானம் வெளித்த காலமாக இருக்க வேண்டும். பூ தையிலும் மாசி முற்பகுதியிலும் வர வேண்டும். அப்படியானால் விதைப்பு ஐப்பசிக் கடைசியிலிருந்து கார்த்திகை முதல் பத்து நாளுக்குள், அதாவது நவம்பர் 10க்கும் 25க்கும் இடையில். பெருமழைக் காலத்தை அது இளஞ்செடியாகக் கடக்கட்டும். தண்ணீர் வடிந்தால் இளஞ்செடி தாங்கிக்கொள்ளும். மழை ஓய்ந்த பிறகு மண்ணில் மிஞ்சும் ஈரத்தை ஆணிவேர் ஆழப் போய் எடுத்துக்கொள்ளும். மாசியில் வறட்சி முந்திவிட்டால் பூவும் பிஞ்சுமாய் இருக்கிற நேரத்தில் இரண்டு மூன்று தண்ணீர் கொடுக்கக் கிணறு வேண்டும். உங்கள் கடிதத்தில் கிணற்றைப் பற்றி ஒன்றும் இல்லை. இல்லையென்றால் கால் ஏக்கருக்கு மேல் போகாதீர்கள். கிணறு இருந்தாலும் இந்த முறை கால் ஏக்கர் போதும் என்பதுதான் என் அபிப்பிராயம்.

வேறொரு வழியும் உண்டு. காவிரிக் கழிமுகத்தில் நெல் அறுத்த வயலில் ஜனவரி, பெப்ரவரியில் பருத்தி போட்டு மே முதல் யூலை வரை பறிக்கிறார்கள். அங்கும் நம்மைப்போல வடகீழ்ப் பருவ மழைதான். ஆனால் நம் பக்கம் வேளாண்மை வெட்டியதும் மாடுகள் வயல் வட்டைக்குள் இறங்கிவிடும், நடுவில் ஒரு துண்டு பச்சை நின்றால் ஒரே இரவில் முடிந்துவிடும். பிறகு வறண்ட கச்சான் காற்று அடிக்கிற காலம் முழுக்கத் தண்ணீர் இறைக்க வேண்டும். நல்ல வேலியும் வற்றாத கிணறும் உள்ளவர்கள் செய்து பார்க்கலாம். உங்களுக்கு மேட்டுக்காணிதான் சரி.

நிலத்தைத் தட்டையாக வைத்து விதைக்காதீர்கள். சாலும் வரம்புமாகப் பிடியுங்கள், சால் சரிவுப் பக்கமாக ஓடி ஒரு கழிவு வாய்க்காலில் விழட்டும். பெருமழை விட்ட அன்றைக்கே சாலில் தண்ணீர் வடிந்துவிட வேண்டும். எங்கே தேங்குகிறது என்று முதல் பெருமழையில் மம்பட்டியோடு போய் நின்று பார்த்து வெட்டிவிடுங்கள். பருத்திக்கு நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி அதுதான். விதையை வரம்பின் பக்கவாட்டில், உச்சிக்குச் சற்றுக் கீழே, 2 முதல் 3 சென்ரிமீற்றர் ஆழத்தில் குழிக்கு இரண்டு மூன்றாகப் போடுங்கள். அதைவிட ஆழம் போனால் மழைக்கு இறுகிய மண்ணை முளை தள்ளிக்கொண்டு வராது. மூன்றாம் கிழமையில் நல்ல செடி ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். விதைக்கிற அன்றைக்கே சிறு பொலித்தீன் பைகளிலும் கொஞ்சம் விதை போட்டு வைத்தால் வெறுமை விழுந்த குழிகளை நிரப்பலாம். பிந்தி ஊன்றும் விதை நிழலுக்குள் எழும்பாது.

விதையை உங்கள் 90 கிலோவிலிருந்து எடுக்க நினைத்திருந்தால் வேண்டாம். மழையில் நனைந்த காயின் விதை முளைப்பதே சந்தேகம், புழுவும் உள்ளே இருக்கலாம். பஞ்சு பிரித்த விதையைக் கையில் அள்ளிப் பாருங்கள்: இரண்டு விதை நூலால் கட்டியதுபோல ஒட்டிக்கொண்டிருந்தால் இடையில் புழு இருந்திருக்கிறது என்று அர்த்தம். கலப்பின விதை என்றால் அதன் குட்டி தாயைப்போல வரவும் மாட்டாது. இந்தியாவிலிருந்து யாராவது பொதிக்குள் வைத்துக் கொண்டுவந்து தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். அனுமதியில்லாமல் விதை கொண்டுவருவது 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கப் பயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், நோயும் அதோடு சேர்ந்து வரும். உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920க்கு அழையுங்கள். இலையிலும் தண்டிலும் மயிர் உள்ள இனம் கிடைத்தால் அதையே எடுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன். பஞ்சு ஒட்டிய விதை என்றால் கால் ஏக்கருக்கு ஒன்றரைக் கிலோ தாராளம். சாணக் கரைசலில் பிசைந்து நிழலில் உலர்த்தினால் ஒன்றோடொன்று சிக்காமல் பிரியும். அமிலத்தால் பஞ்சை எரிக்கிற முறையை வீட்டில் செய்யவே வேண்டாம்.

பசளை. தமிழ்நாட்டில் தண்ணீர் பாய்ச்சிப் போடும் சாதாரணப் பருத்தி இனங்களுக்கு ஹெக்டயருக்குத் தழைச்சத்து 80, மணிச்சத்து 40, சாம்பல்சத்து 40 கிலோ என்று சிபார்சு. நமது கணக்கில் ஏக்கருக்குத் தழைச்சத்துக்கு யூரியா 70, மணிச்சத்துக்கு ரி.எஸ்.பி. 35, சாம்பல்சத்துக்கு எம்.ஓ.பி. 27 கிலோ. கால் ஏக்கருக்கு முறையே 17, 9, 7 கிலோ வரும். இதை மேல் எல்லையாக வையுங்கள், மண் பரிசோதனை செய்தால் இன்னும் குறையலாம். ரி.எஸ்.பி. முழுவதையும் மாட்டெருவோடு, விதைக்கும்போதே அடிக்கட்டாகப் போடுங்கள். யூரியாவும் எம்.ஓ.பி.யும் பாதி அடிக்கட்டு, மீதிப் பாதி மொட்டு வைக்கிற 40, 45ஆம் நாளில். அதோடு யூரியாவை மறந்துவிடுங்கள். பூ வந்த பிறகு போடும் யூரியா இலைக்குப் போகும், காய்க்குப் போகாது. நமது மணல் கலந்த கபில மண்ணில் மழைக்குச் சத்துக் கழுவிப் போகும், ஆகவே எருவில் கஞ்சத்தனம் காட்ட வேண்டாம். கால் ஏக்கருக்கு ஒரு தொன்னுக்கு மேல் போட்டாலும் நல்லதே. களை முதல் 45 நாளும் இருக்கக் கூடாது. வரிசை அகலமாக இருப்பதால் நடுவில் ஒரு வரி உழுந்தோ பயறோ போடலாம், வெண்டி மட்டும் ஆகாது.

இலை சிவந்ததைப் பற்றி ஒரு சொல்தான் எழுதியிருக்கிறீர்கள். எப்படிச் சிவந்தது என்று தெரிந்தால்தான் காரணம் தெரியும். இலை ஓரம் மஞ்சளாகி, பிறகு சிவந்து, கீழ்நோக்கி மடங்கினால் அது இலைத்தத்திப் பூச்சியின் வேலை. இலையைத் திருப்பிப் பாருங்கள், நரம்போரம் வெளிர்பச்சையாக எள்ளளவில் இருக்கும், விரலைக் கிட்டக் கொண்டுபோனால் நேரே ஓடாமல் நண்டுபோலப் பக்கவாட்டில் ஓடும். மயிர் நிறைந்த இலையில் அது முட்டை வைக்கச் சிரமப்படும், அதனால்தான் அந்த இனத்தைச் சொன்னேன். நரம்பெல்லாம் பச்சையாக இருக்க இடைப்பகுதி மட்டும் சிவந்தால், அதுவும் அடி இலையிலிருந்து தொடங்கினால், மக்னீசியக் குறை. கழுவுண்ட மணல் மண்ணில் அது வரும். மக்னீசியம் சல்பேற்றை 10 லீற்றருக்கு 100 கிராம் கரைத்து இலைக்கு அடிக்கலாம். காய் முற்றிய பிறகு அடி இலை பழுத்துச் சிவப்பது முதுமை, அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம்.

மருந்து விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். விதைத்து முதல் இரண்டு மாதம் கடை மருந்தைத் தொடாதீர்கள். அந்த வயதில் இலையில் ஓட்டை விழுந்தாலும் செடி ஈடுகட்டிவிடும். அப்போது அடிக்கிற மருந்து, கெட்ட பூச்சியைத் தின்னும் பொறிவண்டையும் சிலந்தியையும் முதலில் கொல்லும். பிறகு வெண்ஈயும் அழுக்கணவனும் தடையில்லாமல் பெருகும், அதற்கு இன்னொரு மருந்து வாங்க வேண்டி வரும். உங்கள் நாலு தரமும் அப்படித்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். கிழமைக்கு ஒரு நாள் காலையில் காணிக்குள் குறுக்கும் மறுக்குமாக நடந்து 20 செடியைப் பாருங்கள். இலைக்குச் சராசரி இரண்டு தத்திக் குஞ்சுக்கு மேல் போனால் வேப்பங்கொட்டைக் கரைசல் அடியுங்கள்: பருப்பு அரைக் கிலோ இடித்து இரவு முழுக்க ஊறவைத்து, வடித்து, 10 லீற்றராக்கி, கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து, மாலையில். காலையில் தேனீ பூவில் இருக்கும்.

கீழே விழுந்த மொட்டையும் பொறுக்கிப் பாருங்கள், இதை மட்டும் யாரும் செய்வதில்லை. துளையில்லாமல் சுத்தமாகக் கழன்றிருந்தால் அது மழையாலும் இருட்டாலும் விழுந்தது, எந்த மருந்தும் அதை நிறுத்தாது. பக்கத்தில் துளையும் ஈரமான கழிவும் இருந்தால், மொட்டைச் சுற்றியுள்ள பச்சை மடல் மூன்றும் விரிந்து வெளியே சாய்ந்திருந்தால், அது புழு. பத்தில் ஒன்றுக்கு மேல் இப்படிக் கண்டால் அந்த மொட்டு இரண்டைப் பையில் எடுத்துக்கொண்டு போதனாசிரியரிடம் போங்கள். எந்தப் புழு என்று பார்த்து, அனுமதியுள்ள மருந்தை அவர் சொல்லட்டும். விரியாமல் ரோசா மொட்டுப்போல முறுக்கிக்கொண்டு நிற்கும் பூவைக் கண்டால் உள்ளே இளஞ்சிவப்புப் புழு, அங்கேயே பறித்து நசுக்கிவிடுங்கள். 75, 80 நாளில், தண்டில் பதினைந்தாம் கணுவுக்கு மேலே நுனியைக் கிள்ளினால் செடி உயரம் போகாது, வெளிச்சமும் காற்றும் அடிக்காய்க்கு இறங்கும்.

பறிப்பு. முழுதாக வெடித்து மலர்ந்த காயை மட்டும், கிழமைக்கு ஒரு தரம், காலைக் குளிர்ச்சியில் எடுங்கள். வெயில் ஏறினால் காய்ந்த இலை நொறுங்கிப் பஞ்சில் ஒட்டும், பிறகு பிரிக்க முடியாது. சுளையை மட்டும் உருவுங்கள், ஓட்டோடு பிடுங்க வேண்டாம். துணி விரித்து நிழலில் உலர்த்துங்கள். கறைபட்டது, பாதி வெடித்தது எல்லாம் வேறாக இருக்கட்டும். ஒரு பிடி மஞ்சள் பஞ்சு ஒரு மூட்டையின் விலையை இறக்கும். யூரியா வந்த பிளாஸ்ரிக் பையில் கட்டவே கட்டாதீர்கள். அந்தப் பையின் இழை பஞ்சோடு போய் நூலில் ஏறும், சாயம் பிடிக்காது, துணியில் வெள்ளைக் கோடாகத் தெரியும். பழைய பருத்திச் சீலையைத் தைத்துப் பையாக்கினால் போதும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. யாருக்கு விற்கப் போகிறீர்கள்? மருதமுனையில் தறி ஓடுகிறது, அங்கே கொடுக்கலாம் என்று நினைத்திருந்தால், தறிக்காரருக்கு வேண்டியது நூல். உங்கள் கையில் இருப்பது விதையோடு கூடிய பருத்தி. அதை அரைத்துக் கொட்டை பிரித்தால் 100 கிலோவில் பஞ்சு ஏறக்குறைய மூன்றிலொரு பங்குதான், அதற்குப் பிறகுதான் நூற்பு. அரைத்துக் கொடுக்கவோ அப்படியே வாங்கவோ ஆள் இருக்கிறாரா, கிலோவுக்கு என்ன தருவார், ஏற்றிப்போகும் கூலி யாருடையது என்று ஐப்பசிக்கு முன் பேசி முடியுங்கள். திரி திரிக்கிறவர்கள், தலையணை தைக்கிறவர்கள் சிறு அளவில் வாங்குவார்கள். கால் ஏக்கர் விளைச்சலுக்கு அது போதலாம், ஓர் ஏக்கருக்குப் போதாது. ஆள் உறுதியாகாவிட்டால் இந்த மாரியில் முழுக் காணிக்கும் சோளமே போடுங்கள். உறுதியானால் மேட்டின் உயர்ந்த பக்கமாகக் கால் ஏக்கரைப் பருத்திக்கு ஒதுக்கி, மற்ற முக்கால் ஏக்கரில் சோளம். மண் மாதிரியை இப்போதே, மழைக்கு முன், காணியின் நாலைந்து இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டி எடுத்துக் கலந்து கமநல சேவை நிலையத்தில் கொடுத்துவையுங்கள். முடிவு வந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், பசளைக் கணக்கை உங்கள் மண்ணுக்கு ஏற்றபடி திருத்தித் தருகிறேன்.